நாலு நகரா, எட்டு நகரா? சிவிலைசேஷன் 5இல் ட்ரெடிஷனும் லிபர்ட்டியும்

சிவிலைசேஷன் 5 என்ற கணினி உத்தி விளையாட்டில், ஆட்டம் தொடங்கிப் பதினைந்து இருபது சுற்றுக்குள் முதல் 25 கலாசாரப் புள்ளி சேர்ந்துவிடும். கொள்கைப் பலகை திறந்து நிற்கும். வரைபடத்தில் முக்கால்வாசி இன்னும் இருட்டு. வேவு பார்க்கப்போன ஸ்கௌட் நடந்த பாதை மட்டும்தான் வெளிச்சம். நாலு பெரிய நகருக்கான ட்ரெடிஷன், எட்டுச் சிறு நகருக்கான லிபர்ட்டி என்று இரண்டு கொள்கை வரிசைகளில் ஒன்றைத் தெரியவேண்டும். அந்த நேரத்தில் அழுத்துகிற ஒரு பொத்தான் அடுத்த நூறு சுற்றுக்கும் உங்கள் உணவு, உற்பத்தி, தங்கம் எல்லாவற்றின் போக்கையும் கட்டிவிடுகிறது.

பொடியள் இதைப் பற்றிக் கதைக்கும்போது, அடக்கமாக ஆடுகிறவனுக்கு ட்ரெடிஷன், ஆசைப்பட்டு ஆடுகிறவனுக்கு லிபர்ட்டி என்று குணத்தில் கொண்டுபோய் முடிப்பார்கள். இது குணத்தைப் பார்த்து முடிவெடுக்கிற விசயமே இல்லை. காணியைப் பார்த்து எடுக்கவேண்டியது. சுன்னாகம், உரும்பிராய்ச் செம்மண்ணில் நாலு பரப்புத் தோட்டம் செய்கிறவர் கிணற்றை நம்பி, எருப்போட்டு, பாத்தி கட்டி, ஒரே துண்டில் திரும்பத் திரும்ப வெங்காயமும் மிளகாயும் எடுக்கிறார். கிளிநொச்சியில் இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறவர் ஏக்கர் கணக்கில் விதைக்கிறார். பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். நாலு பரப்பில் வயற்காரரின் முறையும், நாலு ஏக்கரில் தோட்டக்காரரின் முறையும் சரிவராது.

கீழே வரும் எண்களெல்லாம் 2013இல் வந்த ப்ரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கத்துக்குரியவை. ஸ்டாண்டர்ட் வேகம், ஸ்டாண்டர்ட் அளவு வரைபடம். பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறுபடும்.

ட்ரெடிஷன் தருவது பெரும்பாலும் சும்மா கிடைக்கிற கட்டடம். அந்த வரிசையில் லீகலிசம் என்ற கொள்கையை எடுத்தால் முதல் நாலு நகரிலும் நினைவுத்தூண் இலவசம். ஒன்றுக்கு 40 உற்பத்தி, ஆக 160. ஆறு கொள்கையும் எடுத்து முடித்தால் அதே நாலு நகருக்கும் அக்வடக்ட் என்ற நீர்வழிக் கட்டடம் இலவசம். ஒன்று 100, ஆக 400. இரண்டுக்கும் பராமரிப்புச் செலவு கிடையாது என்பதால் சுற்றுக்கு 8 தங்கமும் மிச்சம். அக்வடக்டுக்கு வேண்டிய எஞ்சினியரிங் தொழில்நுட்பத்தைக் கற்காமலே அது வந்து நிற்கும் என்பதுதான் இதில் பெரிய லாபம். நகரத்தில் ஆள் ஒன்று கூடும்போது சேர்த்துவைத்த உணவில் 40 வீதத்தை அது காப்பாற்றித் தருகிறது. முடிப்புப் பரிசாக எல்லா நகரிலும் 15 வீத வளர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். லாண்டட் எலீற் தலைநகருக்கு 2 உணவும் 10 வீத வளர்ச்சியும் கொடுக்கும். மொனார்க்கி தலைநகரின் இரண்டு பேருக்கு ஒரு தங்கம் கொடுத்து, ஒரு மகிழ்ச்சிக் குறைவையும் நீக்கும். பன்னிரண்டு பேர் இருக்கிற தலைநகரில் அது 6 தங்கமும் 6 மகிழ்ச்சியும். லாண்டட் எலீற்றுக்கும் மொனார்க்கிக்கும் முன்னால் லீகலிசம் எடுத்தாகவேண்டும். ஆகவே வாசல் (வரிசையைத் திறக்கிற முதல் கொள்கை), லீகலிசம், லாண்டட் எலீற், மொனார்க்கி என்று போய், அரிஸ்டொக்ரசியையும் ஒலிகார்க்கியையும் கடைசிக்கு வைப்பதே நல்ல ஒழுங்கு. அக்கம்பக்கத்தார் படையோடு எல்லைக்கு வந்துவிட்டால் மட்டும் ஒலிகார்க்கியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்; உள்ளே காவல்படை நிற்கிற நகரின் எறிதாக்குதல் 50 வீதம் கூடும்.

இங்கே கனபேர் விடுகிற பிழை, பழக்கதோசத்தில் நாலு நகரிலும் கையாலேயே நினைவுத்தூண் கட்டிவிடுவது. தலைநகரில் ஒன்று கட்டியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் கலாசாரம் தவழும். மற்ற நகர்களில் தொடாதீர்கள், லீகலிசம் வந்து கட்டும். ஏற்கெனவே கட்டிவிட்டால் சலுகை கெட்டுப்போகாது. அதற்குப் பதில் அடுத்த கலாசாரக் கட்டடமான அம்பிதியேட்டர் கிடைக்கும். ஆனால் அது ட்ராமா அண்ட் பொயற்றி என்ற தொழில்நுட்பத்தைக் கற்ற பிறகுதான்.

லிபர்ட்டி தருவது நேரம். கலெக்டிவ் ரூல் எடுத்தவுடன் தலைநகர்ப் பக்கத்தில், புது நகர் அமைக்கிற ஒரு செட்லர் வந்து நிற்கும். மேற்கொண்டு தலைநகரில் செட்லர் 50 வீதம் கெதியாக உருவாகும். செட்லர் ஒன்று 106 உற்பத்தி. அதைவிடப் பெரிய விலை, செட்லர் செய்கிற சுற்றுகளில் அந்த நகர் வளராமல் நிற்பது. சிற்றிசன்ஷிப் ஒரு வொர்க்கரைச் சும்மா தந்து, நிலத்தைத் திருத்துகிற வேலையையும் 25 வீதம் கெதியாக்கும். வாசலைத் திறந்தாலே நகருக்கு ஒரு கலாசாரம். ரிப்பப்ளிக் நகருக்கு ஒரு உற்பத்தி. ஒரு ஆள் மட்டும் இருக்கிற குஞ்சு நகருக்கு அந்த ஒற்றை உற்பத்திகூடப் பெரிய கை கொடுக்கும். முடித்தால் விரும்பிய பெரும்புள்ளி ஒருவர். விஞ்ஞானியை எடுத்து அக்கடமி அமைத்தால் சுற்றுக்கு 8 விஞ்ஞானம். பொறியியலாளரை எடுத்தால் ஒரு அதிசயத்தை உடனே எழுப்பலாம். ரிப்பப்ளிக் இல்லாமல் கலெக்டிவ் ரூல் இல்லை. ஆகவே அந்த இலவசச் செட்லர் மூன்றாவது கொள்கையாகத்தான், பெரும்பாலும் 30ஆம் சுற்றைத் தாண்டி, வரும். அதுவரைக்கும் கைகட்டிக்கொண்டு இருந்தால் நல்ல இடத்தை வேறொருவர் பிடித்துவிடுவார். முதல் செட்லரைக் கலெக்டிவ் ரூலுக்கு முன்னமே செய்து அனுப்புங்கள். தள்ளுபடி இரண்டாவது மூன்றாவதுக்கு இருக்கட்டும்.

இனி உண்மையான கணக்குக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் மகிழ்ச்சி என்பது குடாநாட்டுக் கிணறு மாதிரி. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நன்னீர் ஒரு அளவுதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். ஒவ்வொரு நகரும் 3 மகிழ்ச்சி தின்னும். ஒவ்வொரு ஆளும் 1 தின்னும். புதிய ஆடம்பரப் பொருள் ஒன்று 4 தரும். தொடக்கத்தில் கையில் இருப்பது 9. கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போனால் எல்லா நகரின் வளர்ச்சியும் கால்வாசியாகிவிடும். அதோடு நீங்கள் எடுத்த கொள்கைகளில் பாதி வீண்.

இரண்டு பக்கத்திலும் மொத்தம் 36 பேர் என்று வைத்து ஒப்பிடுவோம். ட்ரெடிஷனில் நாலு நகர்: தலைநகரில் 12, மற்ற மூன்றிலும் எட்டெட்டு. நகருக்காக 12, ஆட்களுக்காக 36, ஆக 48. மொனார்க்கி 6ஐக் கழிக்க 42. கையிருப்பு 9, அரிஸ்டொக்ரசி பத்துப் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 1, மகிழ்ச்சி தரும் கட்டடமான கொலோசியம் நாலுக்கும் 8, ஆக 18. மிச்சம் 24க்கு ஆறு ஆடம்பரப் பொருள் வேண்டும்.

லிபர்ட்டியில் எட்டு நகர்: தலைநகரில் 8, மற்ற ஏழிலும் நந்நாலு. நகருக்காக 24, ஆட்களுக்காக 36, ஆக 60. லிபர்ட்டியின் மெரிட்டோக்ரசி கொள்கை ஆட்களின் பங்கில் 5 வீதம் குறைக்க ஏறக்குறைய 58. கையிருப்பு 9, தலைநகரோடு இணைத்த ஏழு நகருக்கும் 7, எட்டுக் கொலோசியம் 16, ஆக 32. மிச்சம் 26க்கு ஏழு ஆடம்பரப் பொருள்.

ஆறும் ஏழும்தானே, பெரிய வித்தியாசம் இல்லையே என்று நினைக்கவேண்டாம். கொலோசியம் ஒன்று 100 உற்பத்தி: ஒரு பக்கம் 400, மறுபக்கம் 800. அந்த 7 மகிழ்ச்சிக்குத் தெருப் போடவேண்டும். தெருக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் சுற்றுக்கு ஒரு தங்கம் செலவு. இரண்டு நகருக்கு இடையில் ஆகக் குறைந்தது மூன்று கட்டம் இருக்கும் என்பதால், ஏழு இணைப்புக்கு 21 தங்கம். நாலு பேர் இருக்கிற நகர் தருகிற வணிக வருமானம் அதை முழுதாக மூடாது. லிபர்ட்டி ஆட்டங்கள் 80ஆம் சுற்றளவில் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் எதிரியின் படை இல்லை, இந்தத் தங்கக் கசிவுதான். தெருவை நகர் பிறந்த அன்றே போடாமல், மெரிட்டோக்ரசி எடுக்கப்போகிற நேரத்துக்குச் சற்று முன்னால் போடுங்கள். கரையோர நகர் என்றால் துறைமுகத்தாலேயே இணைப்பு கிடைத்துவிடும், தெருவே தேவையில்லை.

விஞ்ஞானத்தில் இன்னொரு பாரம். தலைநகருக்கு அப்பால் ஒவ்வொரு நகரும் தொழில்நுட்ப விலையை 5 வீதம் கூட்டும். நாலு நகருக்கு 15, எட்டுக்கு 35. அதாவது எட்டு நகர்க்காரர் நாலு நகர்க்காரரைவிட 17 வீதம் அதிக விஞ்ஞானம் எடுத்தால்தான் சமமாகவே நிற்பார். நூலகம் இரண்டு பேருக்கு ஒன்று என்று தருவதால், 36 பேர் எங்கே பரவி இருந்தாலும் விளைச்சல் ஒன்றுதான். ஆகவே நூலகக் காலம் முழுக்க லிபர்ட்டி பின்தங்கும். திருப்பம் பல்கலைக்கழகத்தில் வருகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு விஞ்ஞானி இருக்கை. எட்டுப் பல்கலைக்கழகத்தில் பதினாறு இருக்கை, நாலில் எட்டுத்தான். ஆனால் ஒன்று 160 உற்பத்தி, பராமரிப்பு 2 தங்கம். அந்தப் பதினாறு தங்கத்துக்கும் வழி பார்த்துவைத்தவருக்குத்தான் லிபர்ட்டி பலன் கொடுக்கும்.

விஞ்ஞானத்தைக் கூட்டுகிற நஷனல் கொலிஜ் என்ற கட்டட விசயத்தில் இரண்டு பாதையும் மோதிக்கொள்ளும். அதைக் கட்ட எல்லா நகரிலும் நூலகம் இருக்கவேண்டும். நகர் கூடக்கூட அதன் விலையும் ஏறும். ட்ரெடிஷன்காரர் நாலு நூலகத்தையும் முடித்து, பிலொசபி தொழில்நுட்பம் வந்த உடனேயே தொடங்கிவிடலாம். லிபர்ட்டிக்காரர் நாலு அல்லது ஐந்து நகரில் நின்று, நூலகத்தை முடித்து, கொலிஜைக் கட்டி, பிறகு மற்ற செட்லர்களை அனுப்புவது ஒரு வழி. எட்டையும் போட்டுவிட்டுக் கட்டுவது மற்ற வழி. காணி காலியாக, போட்டியில்லாமல் கிடந்தால் முதலாவது. பக்கத்துக்காரர் விரிந்துகொண்டு வந்தால் இரண்டாவது. கொலிஜ் பிந்தினாலும் நிலம் முந்தட்டும்.

வணிகப் பாதையைச் சிலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எத்தனை பாதை என்பதைத் தொழில்நுட்பம்தான் தீர்மானிக்கும், நகர்களின் எண்ணிக்கை இல்லை. ஆகவே நாலு நகர்க்காரர் எல்லாப் பாதையையும் தலைநகருக்கு உணவு அனுப்பத் திருப்பிவிடலாம். அனுப்புகிற நகரில் களஞ்சியம் இருந்தால் போதும். கடல்வழி நிலவழியைப்போல இரட்டிப்பு. தலைநகரைக் கரையில் வைத்து, நாலு நகரில் குறைந்தது மூன்று கடலைத் தொட்டால் ட்ரெடிஷனுக்கு அதைவிடத் தோதான அமைப்பு இல்லை. கப்பலைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க ட்ரைரீம் என்ற போர்க்கப்பல் ஒன்றை விட்டுவையுங்கள். 100 உற்பத்தி போட்ட கப்பல் முதல் பயணத்திலேயே போய்விட்டால் நட்டம் பெரிது.

அப்படியானால் எதை எடுப்பது? ஸ்கௌட் காட்டின அளவில் எண்ணிப் பாருங்கள். நல்ல இடம் நாலுக்குக் கீழே, ஆறும் கோதுமையும் உப்பும் உள்ள தலைநகர், பக்கத்தில் இரண்டு எதிரிகள்: யோசிக்காமல் ட்ரெடிஷன். ஆறு இடத்துக்கு மேல் தெரிந்து, அவற்றில் வேறுவேறு ஆடம்பரப் பொருள் இருந்து, தலைநகர் மலையும் குறைந்த உணவுமாக இருந்தால் லிபர்ட்டி. ஒரே பொருள் நாலு இடத்தில் கிடப்பது நாலு பொருளாகாது. மிச்சத்தை நட்பு அறிவித்த நாட்டுக்கு 240 தங்கத்துக்கோ வேறொரு பொருளுக்கோ மாற்றவேண்டும். ஆகக் கடினமான டெய்ட்டி நிலையில் எதிரிகள் இரண்டு செட்லரோடு தொடங்குவதால் அந்த ஆறு இடம் ஆறாகவே இருக்காது. அங்கே லிபர்ட்டியை எடுக்கிறவர் போருக்கும் சேர்த்துத் தயாராகவேண்டும்; நெருக்கமாகக் குடியேறினால் உங்கள் நிலத்தின் மேல் கண்வைத்து அவர்களே வருவார்கள்.

நீங்கள் எடுத்து ஆடுகிற நாட்டையும் பாருங்கள். மாயாவின் பிரமிட் ஷ்ரைன் என்ற சிறு வழிபாட்டுக் கட்டடத்தின் இடத்தில் வந்து நகருக்கு 2 விஞ்ஞானம் தருவதால், நகர் கூடக்கூட லாபம். பபிலோனும் கொரியாவும் நாலு நகரிலேயே பறக்கும். இந்தியாவுக்கு நகர்களால் வரும் மகிழ்ச்சிக் குறைவு இரட்டிப்பு, ஆட்களால் வருவது பாதி; இந்தியாவோடு லிபர்ட்டி எடுத்து எட்டு நகர் போடுவது கிணறு வற்றின பிறகும் இறைப்புக்கு நிற்கிற மாதிரி.

ட்ரெடிஷன் வாசலை மட்டும் திறந்து, பிறகு லிபர்ட்டிக்குள் போகிற கலப்பு முறை ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தலைநகருக்கு 3 கலாசாரம் கிடைக்கிறது உண்மை. ஆனால் இலவசச் செட்லர் நாலாவது கொள்கைக்குத் தள்ளிப்போகும். லிபர்ட்டியின் முழுப் பெறுமதியும் வெள்ளனவே வருவதில்தான் இருக்கிறது. அதைப் பிந்தவைத்துவிட்டு எட்டு நகரின் செலவை மட்டும் சுமப்பது கூடாத வியாபாரம்.

ட்ரெடிஷன்காரரின் ஐந்தாவது நகரும் அப்படித்தான். இலவச நினைவுத்தூணும் இல்லை, அக்வடக்டும் இல்லை. புதிய ஆடம்பரப் பொருள் ஒன்று தருகிறதே என்பார்கள். ஒரு ஆள் உள்ள நகரே 3ம் 1மாக 4 தின்கிறது. அந்தப் பொருள் தந்த 4 அங்கேயே தீர்ந்தது. இரண்டு புதிய பொருள் இருக்கிற இடம் என்றால் ஐந்து பேர்வரை தாங்கும். அல்லது நிலக்கரியோ அலுமினியமோ வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டும் இருந்தால் பிந்திய காலத்தில் போடலாம்.

எட்டு நகர் ஆடுகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விசயம். பிந்திய சுற்றுகளில் பழைய மடிக்கணினி திணறும். எஃப்10 அழுத்தினால் வரைபடம் தட்டையான ஸ்ட்ரட்டெஜிக் வியூவுக்கு மாறி, பாரம் நன்றாகக் குறையும். தானியங்கிச் சேமிப்பு வழமையாகப் பத்துச் சுற்றுக்கு ஒருமுறைதான். அமைப்புகளுக்குள் போய் அதை ஒன்றாக்கிவிடுங்கள். யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் ஞாயிறு பின்னேரம் கரண்ட் போனால், இழப்பது ஒரு சுற்றோடு நிற்கும்.