ரிசர்ச் மாஸ்டர்ஸ் என்று பணம் வாங்கினார்கள், வந்தது வேறு படிப்பு: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் கவனத்துக்கு

பிரிட்டனில் படிக்கப் போக ஒரு ஏஜென்ட் ஆபீசை நம்பி நான் ஏமாந்த கதை இது. எழுத வேண்டாம் என்றுதான் மூன்று மாதமாக இருந்தேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தேவகோட்டைத் தம்பி ஒருவன், அவனும் என்னைப் போல பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) முடித்தவன், "அண்ணே, நானும் அந்த ஆபீஸ்லதான் ஃபைல் குடுத்திருக்கேன்" என்றான். அதற்கு மேல் பொத்தி வைக்க மனசு வரவில்லை.

நான் மதுரையில் இறையியல் படித்து செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. பட்டம் வாங்கியவன். தமிழ் வேதாகமத்தில் பராபரன் என்று இருந்தது தேவன் ஆகி அப்புறம் கடவுள் ஆனதே, அந்தச் சொல் மாற்றத்துக்கும் நம்மூர்ச் சைவ சித்தாந்தப் பேச்சுக்கும் என்ன உறவு என்று ஆராய வேண்டும் என்பது பல வருட ஆசை. எம்.டிஎச்., அதாவது இறையியல் முதுநிலை (மாஸ்டர் ஆஃப் தியாலஜி), இங்கேயே செய்யலாமே என்று கேட்பீர்கள், மாமாவும் கேட்டார். பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தின் பழைய ஆவணங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலை நூலகத்தில் கிடக்கின்றன, ஒரு வருடமாவது அந்த நாட்டில் இருந்தால் போய்ப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

காரைக்குடியில் ஒரு மாடி அலுவலகம். பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. ஏசி, கண்ணாடி டேபிள், சுவரில் வெளிநாட்டுக் கொடிகள். நான் கேட்டது இரண்டே இரண்டு: ஆய்வுப் படிப்பாக இருக்க வேண்டும், மனைவியும் கூட வர வேண்டும். அங்கிருந்த தம்பி, "ரெண்டும் ஒண்ணுதான் சார், ரிசர்ச் மாஸ்டர்ஸ்னா டிபெண்டன்ட் விசா உண்டு, கவலைய விடுங்க" என்றான். அது உண்மைதான், அதுதான் இதில் விஷயமே. பிரிட்டனில் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, அரசு ஸ்காலர்ஷிப்பில் போகிறவர்களை விட்டுவிட்டால், பிஎச்.டி. அல்லது ஆய்வு அடிப்படையிலான மேற்படிப்புக்குப் போகிறவர்கள்தான் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியும். அந்த விதியை முழுசாகத் தெரிந்து வைத்துக்கொண்டேதான் என்னிடம் பேசியிருக்கிறான்.

சர்வீஸ் சார்ஜ் 85,000 ரூபாய். துண்டுச் சீட்டில் கையால் எழுதி ரசீது. என் பெயரில் ஒரு ஜிமெயில் அவர்களே தொடங்கினார்கள், பாஸ்வேர்டு அவர்களிடமே. "உங்களுக்கு எதுக்கு சார் தலைவலி" என்றார்கள். நானும் வசதியாகப் போச்சு என்று விட்டேன், இன்று நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது. பல்கலைக்கழகம் அனுப்பியதெல்லாம் அவர்களுக்குப் போய், அவர்கள் காட்ட நினைத்தது மட்டும் எனக்கு வந்தது. ஆஃபர் லெட்டரே வாட்ஸ்அப்பில் முதல் பக்கத்தின் போட்டோவாகத்தான் வந்தது. அதில் 'மாஸ்டர் ஆஃப் தியாலஜி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தோம். முன்பணம் 4,000 பவுண்டு கட்டினோம், நம் காசுக்கு நாலரை லட்சத்துக்கு மேல். மனைவி தேவகோட்டையில் பள்ளிக்கூட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. நான் நான்கு பக்கத்தில் ஆய்வு முன்மொழிவு எழுதிக் கொடுத்திருந்தேன். உண்மையான ஆய்வுப் படிப்பு என்றால் அதுதான் விண்ணப்பத்தின் உயிர். எந்தப் பேராசிரியர் வழிகாட்டுவார், அவருக்கு இந்தத் தலைப்பில் ஈடுபாடு உண்டா என்று பார்த்த பிறகுதான் இடமே தருவார்கள். என்னிடம் ஒரு பேராசிரியரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிற்பாடு பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போன அன்று என் ஃபைலை எடுத்துப் போட்டார்கள். அந்த நான்கு பக்கமும் நான் அடித்த ஸ்டேப்ளர் பின் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது, கடைசித் தாளின் பின்பக்கத்தில் வேறு யாருடைய ஃபீஸையோ பவுண்டிலிருந்து ரூபாய்க்கு மாற்றிப் பேனாவால் கூட்டிப் பார்த்திருந்தார்கள்.

இனி பண விஷயம். விசாவுக்கு மீதி ஃபீஸும், லண்டனுக்கு வெளியே என்றால் ஒன்பது மாதம் வரைக்கும் செலவுத் தொகையும் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. எங்களுக்கு மூன்று லட்சம் துண்டு விழுந்தது. "நாங்களே போட்டு வைக்கிறோம் சார், மாசம் மூணு வட்டி" என்றான் அந்த ஆபீஸ் தம்பி. பர்மா, மலாயா வரை போய் வட்டிக்கடை நடத்தின சீமையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சு! எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். மாமா கொடுத்ததாக ஒரு லெட்டர் தயார் பண்ணிக்கலாமாம். விசா விண்ணப்பத்தில் பொய்க் காகிதம் வைத்து மாட்டினால் பத்து வருடம் அந்த நாட்டுப் பக்கம் தலை வைக்க முடியாது. இதை அவன் சொல்லவில்லை, நானே தேடிப் படித்தது.

மாமாவுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வேலை. விஷயத்தைச் சொன்னதும் விரல் இடுக்கில் சிவப்புச் சாயம் கூடப் போகாமல் அப்படியே சைக்கிளில் வந்துவிட்டார். லெட்டர் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை, அந்த 85,000 ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சீல் எங்க மாப்ள?" அவ்வளவுதான் கேட்டார். சீல் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, கையெழுத்துக்கூட ஒரு கோழிக் கிறுக்கல். படித்த எனக்குத் தெரியாதது அவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

அன்று ராத்திரியே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு என் சொந்த மெயிலிலிருந்து எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. இது வகுப்புப் படிப்பு, அவர்கள் 'டாட்' (taught) என்கிறார்களே அது. மொத்தம் 180 கிரெடிட், அதில் ஆய்வேடு 60 தான். ஆகவே மனைவிக்கு விசா கிடைக்காது. முழு ஆஃபர் லெட்டரையும் இணைத்திருந்தார்கள், மூன்றாம் பக்கத்திலேயே தெளிவாக இருக்கிறது. விதி என்னவென்றால், மாணவர் செலவிடும் உழைப்பில் ஆய்வுப் பங்கு வகுப்புப் பங்கைவிட அதிகமாக இருந்தால்தான் அது ஆய்வுப் படிப்பு. கடைசியில் ஒரு தீசிஸ் இருப்பதால் மட்டும் ஆகிவிடாது. எம்.டிஎச். என்ற பெயரை நம்பாதீர்கள், ஒரே பெயரில் இரண்டு வகையும் உண்டு. ஆய்வு வகைக்குப் பெரும்பாலும் 'பை ரிசர்ச்' என்று ஒட்டு இருக்கும், எடின்பரோவில் அப்படி ஒன்று இருக்கிறது.

ஆபீசில் போய்க் கேட்டால், "தீசிஸ் இருக்குல்ல சார், அப்ப ரிசர்ச்தானே?" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. சேர்த்துவிட்ட ஆளுக்கு இவ்வளவு என்று கல்லூரிகள் ஏஜென்டுக்குக் கமிஷன் தரும். நம்மிடம் 85,000, அங்கே கமிஷன், இரண்டு பக்கமும் கறக்கலாம். ஆய்வுப் படிப்பில் ஒரு பேராசிரியர் சம்மதிக்க வேண்டும், நாள் பிடிக்கும், அவ்வளவு பொறுமை அவர்களுக்கு எதற்கு? அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அங்கீகரித்த ஏஜென்டுகள் பட்டியல் இருந்தது. இந்த ஆபீஸ் அதில் இல்லை, வேறொரு ஏஜென்டின் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, நிலவரம் இதுதான். நானாக விலகியதால் பிடித்தம் போக முன்பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. 85,000 வரவில்லை. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி, நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலும் போடலாம். முதலில் யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டுமென்றால் தேசிய உதவி எண் 1915, தமிழிலும் பேசுகிறார்கள். மனைவியின் இடத்தில் பள்ளியில் வேறு டீச்சர் வந்தாயிற்று, இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறாள்.

அதே நான்கு பக்கத்தை இந்த முறை நானே நேராக ஒரு பேராசிரியருக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, பராபரன் என்ற சொல்லைப் பற்றி மூன்று கேள்வி கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டைத் தம்பி நாளைக்கு ஃபைலைத் திரும்ப வாங்கப் போகிறான், நானும் கூடப் போகிறேன். அதே ஆபீசில் பணம் கட்டியவர்கள் யாரும் இருந்தால் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உள்பெட்டிக்கு வாருங்கள், அடுத்த வாய்தாவுக்குச் சேர்ந்தே சிவகங்கை போவோம்.