தினம் ஒன்பது மாத்திரை, மூன்றரை வருடம்: கோத்தகிரியிலிருந்து

இருபத்தாறு வருடம் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் வண்டியில் கண்டக்டராக இருந்தவன் நான். ஒருநாள் விசில் ஊத மூச்சு போதவில்லை. அன்றைக்குத்தான் உடம்பில் ஏதோ கோளாறு என்று உறைத்தது. அதற்கு முன்பே வறட்டு இருமல் உண்டு. ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி எட்டு மாதம் இன்ஹேலர் இழுக்க வைத்தார்கள். கடைசியில் கோவையில் நுரையீரல் டாக்டர் ஒருவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே, "வெல்க்ரோ பட்டையைப் பிய்க்கிற மாதிரி சத்தம் கேட்குது" என்றார். எச்.ஆர்.சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி தேன்கூடு மாதிரி இருந்தது. ஐ.பி.எஃப். என்று எழுதினார். காரணம் பிடிபடாமலே நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய்.

2021 செப்டம்பரில் இந்த நோய்க்கான பிர்ஃபெனிடோன் மாத்திரையை ஆரம்பித்தேன். "புது மருந்தாம், உன்னை வைத்துச் சோதனை பண்ணப் போகிறார்கள்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் பயமுறுத்தினார். அப்படி ஒன்றும் புதிதில்லை. ஜப்பானில் 2008-லேயே அனுமதி கிடைத்துவிட்டது, அமெரிக்காவில் 2014-ல்.

இந்த மருந்தை ஆரம்பிக்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது தரும் நன்மை கண்ணுக்குத் தெரியாது, தொல்லை மட்டும்தான் தெரியும். மூச்சு லேசாகாது, இருமல் நிற்காது. விழுந்த தழும்பு விழுந்ததுதான். மேலும் விழுகிற வேகத்தைத்தான் இது குறைக்கும். ஊதல் டெஸ்ட்டில் என் எஃப்.வி.சி. (மூச்சை முழுக்க இழுத்து ஒரே ஊதலில் வெளியேற்றும் காற்றின் அளவு) ஆரம்பித்தபோது இருக்க வேண்டியதில் 68 சதவீதம், இப்போது 63. எனக்கு அது நஷ்டமாகத்தான் பட்டது. டாக்டரோ, "மூன்றரை வருஷத்துக்கு இது நல்ல கணக்கு" என்கிறார். மூன்றாவது மாதத்திலேயே, ஒன்றும் தெரியவில்லையே, நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. பலர் நிறுத்துவதும் அந்தக் கட்டத்தில்தான்.

எனக்கு எழுதியது 200 மில்லிகிராம் மாத்திரை. முதல் வாரம் வேளைக்கு ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு மூன்று. ஆக நாளைக்கு ஒன்பது, மாதத்துக்கு 270. (இது எனக்கான அளவு. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான்.) இரண்டாவது வாரம் பழக்கதோஷத்தில் விடிகாலை வெறும் வயிற்றில் டீயோடு போட்டுவிட்டேன். அரை மணியில் தலைசுற்றலும் குமட்டலும் வந்து, மதியம் வரை கட்டிலை விட்டு எழவில்லை. சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்று அட்டையிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. இப்போது இரண்டு இட்லி, ஒரு மாத்திரை, இன்னொரு இட்லி, இன்னொரு மாத்திரை என்று சாப்பாட்டுக்கு நடுநடுவே போடுகிறேன். குமட்டல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. பசி மட்டும் பழையபடி திரும்பவில்லை. முதல் வருடத்தில் ஐந்து கிலோ இறங்கினேன். பேன்ட்டுக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

அடுத்தது வெயில். மலைக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

இந்த மருந்து தோலை வெயிலுக்குப் பயந்ததாக மாற்றிவிடும். டாக்டர் இதைச் சொன்னபோது, கோத்தகிரியில் ஏது சார் வெயில் என்று சிரித்தேன். ஜனவரி வந்தது. உறைபனிக் காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் திண்டில் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்வது எங்களுக்கு ஒரு சுகம். குளிர் இருப்பதால் சுடுவதே தெரியாது. டிபனும் மாத்திரையும் முடித்த கையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் புறங்கை இரண்டும், மஃப்ளருக்கும் காலருக்கும் நடுவே தெரிந்த பிடரியும் சிவந்து எரிந்தன. வாட்ச் பட்டை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, அச்சு வைத்த மாதிரி. டாக்டருக்குப் போன் செய்தேன். சில நாள் அளவைக் குறைத்து, பூச ஒரு களிம்பும் சொன்னார், அடங்கியது.

உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், மேகமும் மூடுபனியும் அதை முழுசாகத் தடுக்காது என்று அப்போதுதான் விளக்கிச் சொன்னார். ஆக, பனி மூடியிருந்தாலும் முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, எஸ்.பி.எஃப். 50 என்று போட்ட வெயில் தடுப்புக் களிம்பு. முதலில் கூச்சமாக இருந்தது. "என்ன மாமா, மேக்கப்பா?" என்று டீக்கடைப் பையன் கேட்டான். இப்போது அவனுக்கும் பழகிவிட்டது. தோட்டத்து வேலை எல்லாம் நாலு மணிக்கு மேல்தான்.

ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதல் ஆறு மாதம் மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரல் டெஸ்ட். எனக்கு ஐந்தாவது மாதம் எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டும் அளவு) இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கைத் தாண்டியது. உடம்பில் எந்த அறிகுறியும் இல்லை, டெஸ்ட் எடுக்காவிட்டால் தெரிந்திருக்காது. "வேறு என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் தோண்டித் தோண்டிக் கேட்டபோதுதான், சம்பந்தி கொடுத்த மூலிகைக் கஷாயத்தைப் பற்றி வாயைத் திறந்தேன். அதை நிறுத்தச் சொன்னார், மாத்திரையையும் குறைத்தார். ஆறு வாரத்தில் இறங்கியது. எதனால் ஏறியது என்று யார் கண்டார்கள், கஷாயத்தை மறைத்தது என் தப்பு.

இன்னொரு முறை நீர்க்கடுப்புக்கு மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். போடுவதற்கு முன் நல்லவேளை டாக்டரைக் கேட்டேன். ஈரல் பிர்ஃபெனிடோனை உடைத்து வெளியேற்றுவதை அது தடுக்கும், மருந்து ரத்தத்தில் ஏறிவிடும் என்று வேறு மாத்திரை எழுதினார். பீடி சிகரெட் இதற்கு நேர் எதிர், மருந்தைச் சீக்கிரம் கரைத்து வீணாக்கும். நான் பீடியை விட்டது இந்த நோய்க்குப் பயந்துதான். குளிருக்கு அறைக்குள் கரி போட்டுக் கணப்பு மூட்டுவதையும் விட்டாயிற்று. ஃப்ளூ, நிமோனியா ஊசிகளும் போட்டாயிற்று.

ஐப்பசி மழையில் ஒருமுறை மண் சரிந்து பாதை அடைபட, ஐந்து நாள் மாத்திரை இல்லை. இரண்டு வாரத்துக்குள் என்றால் பழைய அளவிலேயே தொடரலாம். அதற்கு மேல் விட்டால் முதலிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது. இப்போதெல்லாம் இருபது நாள் மாத்திரை எப்போதும் டப்பாவில் கையிருப்பு.

குன்னூர் நண்பர் ஒருவர் இதே நோய்க்கு நின்டெடானிப் என்ற வேறு மருந்து போடுகிறார், காலை ஒன்று மாலை ஒன்று. அவருக்கு வெயில் தொல்லை இல்லை, வயிற்றுப்போக்குதான் பாடாய்ப் படுத்துகிறது. பஸ்ஸில் ஏறும் முன் கழிப்பறை எங்கே என்று பார்ப்பார். எது மேல் என்று எங்களுக்குள் வாதம் ஓடும், முடிந்தபாடில்லை.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குக் கோவை போகிறேன், காலை வண்டியில். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் அந்தப் புற ஊதாக் கதிர் வரும் என்பதால் நிழல் விழும் பக்கம் உட்காரலாம் என்று முதலில் கணக்குப் போட்டேன். ஆனால் நம் பாதையில் வளைவுக்கு வளைவு வெயில் பக்கம் மாறும், அத்தனை வருடம் விசில் ஊதியவனுக்குத் தெரியாதா. நடுவழிப் பக்கத்து சீட்டுதான்.