லைட்ரூமிலிருந்து டிஜிகாமுக்கு: வெளி ஹார்ட் டிஸ்க்கில் இடம்பெயர்ந்த போட்டோக்கள், சில வருடங்கள் கழித்து

போட்டோக்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்போகிறேன் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை டெராபைட் டிஸ்க்?" என்றுதான். இந்த வேலையிலேயே சுலபமான பகுதி அதுதான். படக் கோப்பை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் அது திறக்கும். ஆனால் எந்தப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தோம், எதில் யார் இருக்கிறார்கள், எது எந்த ஆல்பத்தில் இருந்தது, எதில் வெளிச்சத்தைக் கூட்டினோம் என்பதெல்லாம் மென்பொருளின் கேட்டலாகில், அதாவது அது தனியாக வைத்திருக்கும் பதிவேட்டில், உட்கார்ந்திருக்கும். டிஸ்க்கில் போட்டோ கோப்புறையை மட்டும் இழுத்துப் போட்டால் அதெல்லாம் சேர்ந்து வராது.

நான் மேக்கில் லைட்ரூம் கிளாசிக் வைத்திருந்தேன், போட்டோக்களை அடுக்கவும் எடிட் செய்யவும் அடோபி தரும் சந்தா மென்பொருள். லினக்ஸுக்கு மாறியபோது டிஜிகாம் என்ற இலவச போட்டோ மென்பொருளுக்குப் போனேன். மாறி வருடங்கள் ஆகிவிட்டதால், அன்று பட்ட பாட்டில் எது உருப்படியானது, எது வீண் என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

உருப்படியானதில் முதலிடம், கிளம்புவதற்கு முன் செய்த ஒரு வேலைக்கு. லைட்ரூமின் லைப்ரரியில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கமாண்ட் எஸ் அழுத்தினால், அதுவரை கேட்டலாகில் மட்டும் இருந்த விவரங்கள் கோப்புகளிலேயே எழுதப்படும். ஜேபெக், டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) என்றால் கோப்புக்குள்ளேயே. கேமரா நிறுவனங்களின் ரா கோப்பு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் படக் கோப்பு, என்றால் பக்கத்தில் ஒரு குட்டி எக்ஸ்எம்பி கோப்பாக. எக்ஸ்எம்பி என்பது அடோபி 2001-இல் கொண்டுவந்து, பிறகு எல்லோரும் படிக்கக்கூடிய பொதுத் தரமாகிவிட்ட வடிவம். நட்சத்திரம், குறிச்சொல், தலைப்பு, இடம், முகங்களின் பெயர் எல்லாம் இப்படி வெளியே வந்துவிடும்.

வராதவையும் உண்டு. கலெக்ஷன், அதாவது நாம் ஆல்பம் என்று நினைப்பது, எக்ஸ்எம்பியில் எழுதப்படுவதில்லை. விர்ச்சுவல் காப்பியும், அதாவது ஒரே படத்தைக் கோப்பு நகலெடுக்காமல் இன்னொரு விதமாக எடிட் செய்து வைப்பதும், அப்படியே. அதனால் ஒவ்வொரு கலெக்ஷனையும் திறந்து, உள்ளே இருக்கும் எல்லாப் படங்களுக்கும் ஒரு குறிச்சொல் போட்டேன்: "ஆல்பம்" என்று ஒரு தாய்ச்சொல், அதற்குக் கீழே அந்த ஆல்பத்தின் பெயர். அலுப்பூட்டும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் டிஜிகாமில் குறிச்சொல் மரத்தை விரித்ததும் பழைய ஆல்பங்கள் வரிசையாக நின்றன. இன்றுவரை அவற்றை அப்படித்தான் பார்க்கிறேன்.

எடிட் விஷயத்தில் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். லைட்ரூமில் ஸ்லைடரை நகர்த்தியது எண்ணாக எக்ஸ்எம்பியில் இருக்கும். ஆனால் அந்த எண்ணைப் படமாக்குவது லைட்ரூமின் இன்ஜின். வேறு மென்பொருளுக்கு அது வெறும் எண். டார்க்டேபிள் என்ற இலவச ரா எடிட்டர் கிராப், எக்ஸ்போஷர் போன்ற சிலவற்றைப் படித்துப் பார்க்கும், அவ்வளவுதான். நான்கு நட்சத்திரத்துக்கு மேல் இருந்தவற்றை மட்டும் முழு அளவு ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, அந்தந்த ரா கோப்பின் பக்கத்திலேயே போட்டேன். மற்றவற்றின் எடிட் போனது போனதுதான். உண்மையைச் சொன்னால், அவற்றில் ஒன்றைக்கூட நான் தேடிப் போனதில்லை.

இனி டிஸ்க். மேக்கும் லினக்ஸும் இரண்டும் எழுத வேண்டும் என்றால், டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முறைகளில் எக்ஸ்ஃபேட் தான் வசதி. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, நீளமான வீடியோ மாட்டிக்கொள்ளும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் தானாகப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே அதற்கான ஆதரவு வந்துவிட்டது. ஒரு குறை: எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது எழுதும் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று அதற்குத் தெரியாது.

எனக்கு அதுவும் நடந்தது. நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் லேசாக அசைந்து டிஸ்க் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பி வந்தது. மறுபடி ஓட்டி முடித்தேன். கோப்புறையைப் பார்த்தால் எல்லாம் சரி: கோப்பு இருக்கிறது, பெயர் சரி, அளவும் சரி. ஒரு படத்தைத் திறந்தால் மேல்பாதி மட்டும் படம், கீழ்ப்பாதி ஒரே சாம்பல் நிறம். அளவை மட்டும் ஒப்பிடும் எந்த நிரலும் இதைக் கண்டுபிடிக்காது. இரண்டு பக்கமும் எல்லாக் கோப்புகளுக்கும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு சரிபார்ப்பு எண்) எடுத்து ஒப்பிட்டதில்தான் அந்தக் கோப்பும், அதே நேரத்தில் எழுதப்பட்ட இன்னும் சிலவும் அகப்பட்டன. செக்சம் பார்க்க ஓர் இரவு ஓடும், ஓடட்டும். அது முடியும்வரை பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்காதீர்கள்.

தமிழில் கோப்புறைப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. "தோட்டம்" என்று ஒரு கோப்புறை இருக்கிறது என்று வையுங்கள். அதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்பதுபோல் இரண்டு துண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய டிஸ்க் முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். பிரிந்த வடிவத்திலேயே பெயர் லினக்ஸுக்கு வந்துவிட்டால், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு "தோட்டம்" பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றில் தேடினால் இன்னொன்றில் இருப்பது வராது. இதைச் சரிசெய்ய கன்வ்எம்வி என்று ஒரு சின்னக் கருவி உண்டு. எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். டிஜிகாமில் சேர்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

டிஜிகாமில் முதல் முறை எல்லாவற்றையும் படித்து, சிறுபடங்கள் உருவாக்க நேரம் எடுக்கும். அதற்கு முன் ஓர் அமைப்பைக் கவனிக்க வேண்டும். லைட்ரூம் பக்கத்தில் வைக்கும் எக்ஸ்எம்பி கோப்புக்குப் படத்தின் பெயரை மட்டும் வைக்கும்; டிஜிகாம் இயல்பாக ரா கோப்பின் பின்னொட்டையும் சேர்த்துத்தான் பெயரைத் தேடும். வணிக மென்பொருள்களின் பெயர் முறையைப் பின்பற்று என்று அமைப்புகளில் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடாமல் படிக்கவிட்டால் ரா படங்கள் எல்லாம் நட்சத்திரமே இல்லாமல் மொட்டையாக வரும்.

டிஜிகாமின் தரவுத்தளத்தைக் கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் வைத்தேன். படங்கள் மட்டும் வெளி டிஸ்க்கில். டிஸ்க்கை "அகற்றக்கூடிய ஊடகம்" என்று சேர்த்தால் டிஜிகாம் அதை அதன் அடையாள எண்ணை வைத்துத்தான் நினைவு வைத்துக்கொள்ளும், எந்த யுஎஸ்பி துளையில் செருகினாலும் கவலையில்லை. பின்னால் அந்த டிஸ்க் கிழடாகிப் புதியது வாங்கியபோதும், படங்களை நகலெடுத்து, டிஜிகாமின் கலெக்ஷன் அமைப்பில் (இங்கே கலெக்ஷன் என்றால் ஆல்பம் அல்ல, படங்கள் இருக்கும் இடம்) புது இடத்தைக் காட்டியதோடு வேலை முடிந்தது. குறிச்சொல் ஒன்றும் போகவில்லை.

அன்றாடத்தில் நான் உண்மையிலேயே இழந்தது ஒன்று: டிஸ்க் இல்லாமல் வேலை செய்வது. லைட்ரூம் 5-இல் வந்த ஸ்மார்ட் ப்ரிவியூ, நீளப்பக்கம் 2540 பிக்சல் அளவில் ஒரு சிறிய நகலை வைத்துக்கொண்டு, டிஸ்க் வீட்டில் இருந்தாலும் வெளியே எடிட் செய்யவிடும். டிஜிகாமில் டிஸ்க்கைக் கழற்றினால் அதிலுள்ள ஆல்பங்கள் மறைந்துவிடும். செருகினால் திரும்ப வரும். பயணத்தில் படம் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். மேசையிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. நான் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

வீடியோக்களின் நேரம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. குயிக்டைம் என்ற வீடியோ வடிவத்தின் முறைப்படி நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுத வேண்டும். பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும். ஒவ்வொரு மென்பொருளும் அதை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வதால், காலையில் எடுத்த வீடியோ மாலைப் படங்களுக்கு நடுவே போய் நிற்கும். எக்சிஃப்டூல் என்ற கோப்பு விவரம் திருத்தும் கருவியை வைத்து கேமரா வாரியாகத் திருத்தி வருகிறேன், நேரம் கிடைக்கும்போது.

லைட்ரூம் சந்தாவை நிறுத்தினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்று பயந்து அவசரப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். கிளாசிக்கில் சந்தா முடிந்த பிறகும் லைப்ரரி திறக்கும், ஏற்றுமதியும் செய்யலாம். எடிட் செய்யும் டெவலப் பகுதியும் வரைபடத்தில் காட்டும் மேப் பகுதியும்தான் நின்றுபோகும். தவிர, அந்தக் கேட்டலாக் கோப்பு உள்ளே ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். எஸ்க்யூலைட் படிக்கும் எந்த இலவச நிரலிலும் திறந்து பார்க்கலாம். குறிச்சொல் போடும்போது விடுபட்ட ஒரு கலெக்ஷனில் என்னென்ன படங்கள் இருந்தன என்று ரொம்ப நாள் கழித்து அப்படித்தான் பார்த்து எடுத்தேன். அந்தக் கோப்பு இன்னும் டிஸ்க்கில் ஓர் ஓரமாக இருக்கிறது. சில ஜிபிதான், அழிக்கப்போவதில்லை.