ஐரோப்பாவுக்குச் செல்லவிருக்கும் பாரவூர்திச் சாரதிகளுக்கான யாழ்ப்பாண வகுப்பு: ஒரு மதிப்பீடு

ருமேனியா, போலந்து, லித்துவேனியா போன்ற நாடுகளில் பாரவூர்தி ஓட்டும் வேலைக்கு விண்ணப்பிப்போருக்காக யாழ்ப்பாண நகரில் வார இறுதிகளில் நடைபெறும் ஓர் ஆயத்த வகுப்பில் அண்மையில் பங்குபற்றினேன். ஓட்டும் நேரம், ஓய்வு நேரம் பற்றிய பாடங்களுக்காக இவ்வகுப்பை எவருக்கும் பரிந்துரைப்பேன். ஆனால் ஐரோப்பிய விதிகள் ஒவ்வொரு நாட்டிலும் எவ்வாறு உள்நாட்டுச் சட்டமாகின்றன என்பதை இவ்வகுப்பு தொடவே இல்லை. அங்கு வேலை செய்யப்போகும் ஒருவரின் சம்பளமும் தகைமையும் பெருமளவு அதில்தான் தங்கியிருக்கின்றன.

முதலில் நிறைவைச் சொல்ல வேண்டும். ஓட்டும் நேரம், ஓய்வு நேரம் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டின் 561 ஆம் இலக்க ஒழுங்குவிதியை ஆசிரியர் மனப்பாடமாக ஒப்புவிக்காமல், சுன்னாகம் சந்தையில் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் புறப்படும் ஒரு லொறியின் பயணத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். நான்கரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை வேண்டும். அதைப் பிரிப்பதானால் முதலில் 15, பின்னர் 30 நிமிடமாகவே பிரிக்கலாம். நாளொன்றுக்கு 9 மணித்தியாலம், வாரத்தில் இரு தடவை மட்டும் 10. வாரமொன்றுக்கு 56, அடுத்தடுத்த இரு வாரங்களுக்கும் சேர்த்து 90. இந்த எண்களை வைத்து, ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதியும் கருவியான தாக்கோகிராஃபின் தாள்களைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சி மிகவும் பயனுள்ளது. 45 மணித்தியால வாராந்த ஓய்வை வாகனத்துக்குள் கழிக்கக் கூடாது என்பதையும், வெளியே தங்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பதையும், 2020 ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் காட்டி அவர் அழுத்திச் சொன்னார். நெடுந்தூரச் சாரதிகள் இருக்கையிலேயே உறங்கி எழுவதைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இது சிறிய செய்தியல்ல.

குறை இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. ஒழுங்குவிதி ஒன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகவே சட்டமாகும். பணிப்புரை அப்படியல்ல: அடைய வேண்டிய பயனை அது விதிக்கும், அதை எந்த வடிவில், எந்த வழியில் அடைவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தின் மூலம் தீர்மானிக்கும். சர்வதேசக் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1980 இல் இணைந்த இலங்கை, அதற்கென 56 ஆம் இலக்கச் சட்டத்தை 2007 இல்தான் இயற்றியது என்பதையும், உடன்படிக்கையின் எல்லா உரிமைகளும் அச்சட்டத்துக்குள் வரவில்லை என்பதையும் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது கடினமன்று. வகுப்பிலோ எல்லாமே ‘ஐரோப்பியச் சட்டம்’ என்ற ஒரே பெயரில் கற்பிக்கப்பட்டன.

சாரதித் தொழிற்தகைமையை எடுத்துக்கொள்வோம். சாரதி அனுமதிப்பத்திரத்தில் இத்தகைமையைக் காட்டும் 95 என்ற குறியீட்டுக்கு அடிப்படையான பணிப்புரை 2003 இல் வந்தது. இப்போது 2022 ஆம் ஆண்டின் 2561 ஆம் இலக்கத் தொகுப்பாக உள்ளது. பயிற்சியும் பரீட்சையுமா, பரீட்சை மட்டுமா என்ற தெரிவை அது நாடுகளிடமே விட்டுள்ளது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை 35 மணித்தியாலப் பயிற்சி என்பது பொதுவானது. யாழ்ப்பாணத்தில் தரப்படும் சான்றிதழ் இத்தகைமைக்கு ஈடாகாது என்பதை ஆசிரியர் முதல் நாளிலேயே நேர்மையாகச் சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

சம்பள விடயம் இன்னும் முக்கியமானது. வேறொரு நாட்டுக்கு அனுப்பப்பட்டு வேலை செய்யும் சாரதிகள் பற்றிய 2020 ஆம் ஆண்டின் 1057 ஆம் இலக்கப் பணிப்புரையை, 2022 பெப்ரவரி 2 ஆம் திகதிக்குள் நாடுகள் தம் சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. லித்துவேனிய நிறுவனத்தின் வண்டியில் ஜெர்மனிக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சரக்குக் கொண்டுசெல்பவருக்கு ஜெர்மனியின் ஊதிய விதிகள் பொருந்தும். லித்துவேனியாவிலிருந்து ஜெர்மனிக்கு நேரே சரக்குக் கொண்டுசெல்பவருக்குப் பொருந்தா. இதை அறியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் தனக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்கவும் மாட்டார்.

ஒரு நாடு உரிய திகதிக்குள் சட்டம் இயற்றாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி, பதில் கிடைக்கவில்லை. ஐரோப்பிய ஆணைக்குழு அந்த நாட்டுக்கு எதிராக ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குச் சென்று அபராதம் கோரலாம். ஆனால் சட்டமாக்கப்படாத பணிப்புரையை மட்டும் காட்டித் தனியார் முதலாளி மீது கடப்பாட்டைச் சுமத்த முடியாது என்பதை அந்நீதிமன்றம் 1986 இலேயே தீர்மானித்துவிட்டது. இழப்புக்கு அரசிடம் நட்டஈடு கோரும் வழியை 1991 ஆம் ஆண்டுத் தீர்ப்பு திறந்தது. ஒரு சாரதி வழக்கறிஞரிடம் போகும்போது கையிலிருக்க வேண்டியது அந்நாட்டுச் சட்டத்தின் பெயர் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நாட்டுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினாலே இக்குறை பெருமளவு தீரும். ஒவ்வொரு பணிப்புரைக்கும் எந்த நாடு எந்தச் சட்டத்தை இயற்றியது என்ற விபரம் ஒன்றியத்தின் யூர்-லெக்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதுவரை இங்கே சேர்பவர்கள், தம்மை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் எந்த நாட்டில் நிலைகொண்டுள்ளது என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து செல்லும் சாரதி தன் ஆரம்பத் தகைமையை அந்த நாட்டில், அல்லது வேலை அனுமதி வழங்கிய நாட்டில்தான் பெற வேண்டும்.