ஆற்றுக்கு எத்தனை அடி அகலம்? ஊருக்குள் ஓடும் நீருக்கு நான்கு வழிகள்

ஊருக்கு நடுவே ஓர் ஓடை போகிறது. வருடத்தின் பெரும்பகுதி அதில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். ஏதோ ஒரு நாள் மட்டும் யாரையும் கேட்காமல் தெருவுக்குள் வந்துவிடும். அந்த ஒரு நாளை மனதில் வைத்து, மீதி 364 நாளும் அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். நிலவடிவமைப்புக்காரர்களின் தலைவலியே இதுதான்.

இதைப் பற்றிப் பேசும்போது "மனிதனா, இயற்கையா" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வது வழக்கம். எனக்கு அந்தப் பிரிவில் நம்பிக்கையில்லை. எந்தத் திட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் கடைசியில் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் கேட்கும் இடத்தை யார் விட்டுக்கொடுப்பது? அந்தக் கண்ணோடு நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சூத்திரம் இன்றும் கால்வாய் வடிவமைப்பின் அடிப்படை. வாய்க்காலின் சரிவும் குறுக்கு அளவும் ஒன்றாகவே இருந்தாலும், உட்பரப்பு சொரசொரப்பாக ஆக ஆக நீரின் வேகம் குறையும் என்கிறது அது. வழவழப்பான கான்கிரீட்டுக்கு அந்தச் சொரசொரப்பு எண் சுமார் 0.015. கல்லும் செடியும் வளைவுமாக இருக்கும் இயற்கை ஓடைக்குச் சுமார் 0.045. அதாவது மூன்று மடங்கு. அதே பள்ளத்தில் கான்கிரீட்டை எடுத்துவிட்டுப் புல்லும் செடியும் வைத்தால், தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் போகும். அதே வெள்ளத்தைக் கடத்த வேண்டுமானால் பள்ளம் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வேண்டும்.

பசுமையான ஓடை வேண்டும் என்று கேட்பவர்கள் பல சமயம் இந்த அகலத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பழைய அகலத்திலேயே செடி வைத்துவிட்டு, அடுத்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் செடியைத் திட்டுவார்கள்.

வழி ஒன்று: கான்கிரீட்

கான்கிரீட்டைத் திட்டுவது இப்போது சுலபம். ஆனால் அதைப் போட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. லாஸ் ஏஞ்சலஸில் 1938 மார்ச்சில் வந்த வெள்ளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை, சுமார் 82 கி.மீ. நீளமுள்ள அந்த ஆற்றின் பெரும்பகுதியைக் கான்கிரீட் தொட்டியாக மாற்றியது. மலையிலிருந்து வேகமாக இறங்கும் வெள்ளத்தைக் குறுகிய வழியில் கடலில் கொண்டுபோய்த் தள்ள வேண்டும், இருபுறமும் நிலம் மிச்சமாக வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது.

அப்புறம் நடந்ததுதான் சிக்கல். மிச்சமான நிலத்தில் வீடுகள் வந்தன. வெள்ளத்தடுப்புக் கட்டுமானம் வந்ததும் அதை நம்பி இன்னும் நிறையப் பேர் கரையோரம் குடியேறுவார்கள், கட்டுமானம் தாங்காத ஒரு நாள் வந்தால் இழப்பு முன்பைவிடப் பெரிதாகும் என்று அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1940களிலேயே எச்சரித்திருந்தார். கான்கிரீட் கால்வாயின் தோல்வி படிப்படியாக வராது. கொள்ளளவு வரை ஒரு பிரச்சினையும் தெரியாது, தாண்டிய நிமிடத்தில் எல்லாம் தெரியும். நிலத்தடிக்கு இறங்க வேண்டிய நீரும் கடலுக்குப் போய்விடுகிறது.

அந்த ஆற்றிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கிளெண்டேல் நெரோஸ் என்ற பகுதியில் நிலத்தடி நீர் மேலே முட்டிக்கொண்டு வருவதால் அடிப்பகுதிக்குக் கான்கிரீட் போட முடியவில்லை. பக்கச் சுவர் மட்டும் எழுப்பிவிட்டு அடியை அப்படியே விட்டார்கள். இன்று அங்கே மரமும் நாரையும் இருக்கின்றன. யாரும் திட்டமிட்ட பூங்கா அல்ல அது.

இன்னொரு விலையும் இருக்கிறது. புளோரிடாவின் கிஸ்ஸிம்மீ ஆறு 166 கி.மீ. வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. 1962க்கும் 1971க்கும் இடையே அதை 90 கி.மீ. நேர்கால்வாயாக வெட்டினார்கள். சுற்றியிருந்த சதுப்பு நிலம் காய்ந்தது. குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த நீர்ப்பறவைகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. தவறு புரிந்து, 1992இல் சட்ட அனுமதி வாங்கி, 1999இல் கால்வாயை மூடத் தொடங்கி 2021இல் முடித்தார்கள். நேராக்க ஒன்பது வருடம், வளைக்க இருபத்திரண்டு வருடம், அதுவும் ஆற்றின் ஒரு பகுதியை மட்டும்.

வழி இரண்டு: ஓடை மாதிரி ஓர் ஓடை

சியோல் நகரின் சியோங்கியேசியோன் ஓடையை 1950களின் இறுதியில் மூடத் தொடங்கி, பிறகு அதன் மேலேயே உயர்மட்ட விரைவுச்சாலை கட்டியிருந்தார்கள். 2003இல் சாலையை இடித்து, 2005இல் சுமார் 5.8 கி.மீ. ஓடையைத் திறந்தார்கள். கோடையில் ஓடைப் பக்கத்து வெப்பம், சில தெரு தள்ளி உள்ள இணைச்சாலையைவிட 3 முதல் 6 டிகிரி வரை குறைவாக அளக்கப்பட்டிருக்கிறது. மக்கள் கூட்டத்துக்கும் குறைவில்லை.

ஆனால் தண்ணீர் அதன் சொந்தத் தண்ணீர் இல்லை. பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றுவது. பம்பை நிறுத்தினால் ஓடை மெலிந்துவிடும். "பெரிய மீன்தொட்டி" என்று இதைக் கிண்டல் செய்பவர்களோடு பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதி ஒத்துப்போகாதது, இடித்த சாலையை நினைத்து. ஒரு நகரம் தன் காரோட்டிகளிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி நடப்பவர்களுக்குக் கொடுப்பது சாதாரண விஷயமில்லை. இடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் யார் என்ற என் கேள்விக்கு இங்கே பதில் தெளிவாக இருக்கிறது. மின்கட்டணத்தை மட்டும் யாரோ மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை நல்ல பொதுவெளி என்று சொல்லுங்கள், சரி. ஆற்று மீட்பு என்று சொன்னால் நான் வாதத்துக்கு வருவேன்.

வழி மூன்று: வளைத்துவிட்ட ஆறு

எனக்குப் பிடித்தது இது. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்பட்டுப் பார்க்கிறேன்.

சிங்கப்பூரின் பிஷான்–ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டிக் கலாங் ஆறு ஒரு நேர் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. பூங்கா ஒரு துறையின் கையில், கால்வாய் இன்னொரு துறையின் கையில், நடுவே எல்லை. கால்வாயைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் பூங்காவைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் ஒன்றாக வந்தபோது இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். ஜெர்மன் நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்டலின் குழு வடிவமைத்தது. 2.7 கி.மீ. நேர்கால்வாய், 62 ஹெக்டேர் பூங்காவுக்குள் 3.2 கி.மீ. வளைந்த ஆறாக 2012இல் திறந்தது. முன்பு இருபது மீட்டர் போல இருந்த அகலம், பெருமழையில் இப்போது 100 மீட்டர் வரை விரியும். சொரசொரப்பு கூடியும் ஆற்றின் கொள்ளளவு ஏறக்குறைய 40 சதவீதம் அதிகரித்தது. மேனிங் கணக்குக்கு இது விரோதம் இல்லை. இழந்த வேகத்தை அகலத்தில் ஈடுகட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த அகலம் எங்கிருந்து வந்தது? புல்வெளியிலிருந்து. மழையில்லாத நாளில் புல்வெளி பிள்ளைகளுக்கு, மழை கொட்டும் சில மணி நேரம் ஆற்றுக்கு. நிலத்தைப் பங்கு பிரிக்காமல் நேரத்தைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். இந்த யோசனைதான் இந்தத் திட்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன். நீர்மட்ட உணர்கருவி, எச்சரிக்கை விளக்கு, சைரன் எல்லாம் அதற்காகத்தான். புல்வெளியில் நிற்பவருக்கு, இப்போது இது என் இடம் இல்லை என்று சொல்ல ஏதாவது வேண்டுமே.

கரையைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செடியின் வேர், கல், மரக்கட்டைகளிடம் கொடுத்தார்கள். அதற்கு முன் 2009இல் சிறு நீளத்தில் பத்து வகை முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். வெப்பமண்டல மழையில் எது நிற்கும், எது அடித்துக்கொண்டு போகும் என்பது குளிர்நாட்டுக் கையேட்டைப் படித்தால் தெரியாது. பிறகு நீர்நாய்களும் வந்து சேர்ந்தன. புகைப்படக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

ஜெர்மனியில் மியூனிக்கின் ஐசார் ஆறு இதே வகை, குணம் வேறு. 2000 முதல் 2011 வரை நகருக்குள் 8 கி.மீ. நீளத்தை மாற்றினார்கள். கல்லால் கட்டிய நேர்க்கரையை எடுத்துவிட்டு, சரளைக்கல் கரையை ஆறே அரித்து, சேர்த்து, மாற்றிக்கொள்ள விட்டார்கள். ஆனால் முழுச் சுதந்திரம் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி, மண்ணுக்கடியில் கற்களைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஆறு அதுவரை அரித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது. கண்ணுக்குத் தெரியாத வேலி. இயற்கையாக விட்டுவிட்டோம் என்று சொல்லும் இடத்திலும் பொறியாளர் உட்கார்ந்திருக்கிறார், மேசையை மட்டும் மறைத்துவிட்டார்.

இப்போது சந்தேகம். இந்த வழிக்கு முன்நிபந்தனை, பக்கத்தில் காலியான பொதுநிலம். கலாங் ஆற்றுக்குப் பூங்கா இருந்தது, ஐசாருக்கு இரு வெள்ளக்கரைகளுக்கு நடுவே வெளி இருந்தது. இருபுறமும் கட்டடச் சுவர் முட்டும் ஓடைக்கு இந்தப் படங்களைக் காட்டி "இப்படிச் செய்யலாம்" என்பது ஏமாற்று.

இயற்கை முறை நிரந்தரமும் இல்லை. பாஸ்டனின் பேக் பே ஃபென்ஸ் பகுதியை அமெரிக்க நிலவடிவமைப்பாளர் ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட் 1880களில் கடல் ஏற்ற இறக்கத்தோடு வாழும் உப்புச் சதுப்பாக வடிவமைத்தார். அழகான தீர்வு. 1910இல் சார்லஸ் ஆற்றின் குறுக்கே அணை வந்து, அங்கே உப்புநீர் வருவதே நின்றுபோனது. வைத்த செடிகளுக்கு வாழ வழியில்லை. வேறொரு மேசையில் எடுத்த முடிவு இந்தச் சதுப்பைக் கொன்றது.

வழி நான்கு: இடத்தைத் திருப்பிக் கொடுப்பது

நெதர்லாந்தில் 1993, 1995 ஆற்று வெள்ளங்கள் பயமுறுத்தின. 1995இல் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கரையை இன்னும் உயர்த்துவோம் என்ற பழைய பதிலை மட்டும் நம்பாமல், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். ரைன் ஆறு நாட்டுக்குள் நுழையும் இடத்தில் நொடிக்கு 15,000 கன மீட்டராக இருந்த தாங்குதிறனை 16,000 ஆக்குவது இலக்கு. நைமேகன் நகரில், ரைனின் கிளையான வால் என்ற ஆற்றின் வெள்ளக்கரையை 350 மீட்டர் பின்னே தள்ளி, பக்கத்தில் புதிய கிளையாறு ஒன்றை வெட்டினார்கள்.

பின்னே தள்ளிய அந்த 350 மீட்டரில் வீடுகள் இருந்தன. சுமார் ஐம்பது குடும்பங்கள் போக வேண்டியிருந்தது. ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் விவசாயிகளே ஒரு யோசனை சொன்னார்கள்: நிலத்தை வெள்ளத்துக்கு விடுகிறோம், வீடும் தொழுவமும் கட்ட மேடுகள் அமைத்துக் கொடுங்கள் என்று. மேடுகள் எழும்பின. ஆனால் எல்லோருக்கும் மேட்டில் இடம் இல்லை. பலர் வேறு இடம் தேடிப் போனார்கள்.

வெள்ளத்தைத் தாங்குவதில் நான்கில் இதுவே உறுதியானது, உயிரினங்களுக்கும் நல்லது. ஆனாலும் திட்டப் படங்களில் இதைப் பார்க்கும்போது எனக்கு உடனே கை தட்டத் தோன்றுவதில்லை. விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பேச வாய்ப்பும் சரியான ஈடும் கிடைத்தால்தான் இது திட்டம், இல்லாவிட்டால் வெளியேற்றம்.

ஸ்பாஞ்சு நகரம் எங்கே வருகிறது?

ஐந்தாவது வழியாக இதைக் கேட்பார்கள். சீன நிலவடிவமைப்பாளர் யூ கோங்ஜியான் வலியுறுத்திய யோசனை இது. விழும் இடத்திலேயே மழையைப் பிடி, மெதுவாக விடு, மண்ணில் இறக்கு. 2015இல் சீனா 16 நகரங்களில் முன்னோட்டம் தொடங்கியது. எனக்கு இது போட்டியாளர் இல்லை, மற்ற நான்குக்கும் துணை. சாதாரண மழையில் ஓடைக்கு வரும் பாரத்தைக் குறைக்கும், நிலத்தடி நீரைக் கூட்டும். ஆனால் ஸ்பாஞ்சுக்கும் ஒரு அளவு உண்டு. அந்த முறையில் நிறையப் பணம் போட்டிருந்த ஜெங்ஜோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டியது. நகரம் மூழ்கியது. யோசனை பொய் என்று அர்த்தமில்லை. அந்த அளவு மழைக்கு எந்த மண்ணும் வாய் திறக்காது, மேலே ஓடும் நீருக்குத் தனி வழி வேண்டும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

ஓடைக்கு ஒரு பக்கமாவது பூங்காவோ மைதானமோ இருந்தால் மூன்றாவது வழி, தயங்காமல். இருபுறமும் சுவர் என்றால் கான்கிரீட்டை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பணத்தை மேல்வடிநிலத்தில், அதாவது ஓடைக்கு நீர் வந்து சேரும் மேட்டுப் பகுதியில், குளம், சதுப்பு, நீர் இறங்கும் தரை என்று செலவு செய்வேன். ஆற்றங்கரையில் இன்னும் வீடு வராத புறநகர் என்றால் நான்காவது வழி. அங்கே யாரையும் காலி செய்ய வேண்டியதில்லை, யாரும் வந்து உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும். இதைத்தான் பெரும்பாலும் செய்யத் தவறுகிறோம். இரண்டாவது வழி, மூடிய ஓடையும் இடிக்க ஒரு சாலையும் இருந்தால் மட்டும்.

இதில் ஒரு திருத்தம் உண்டு. கான்கிரீட் கால்வாய்க்குப் பராமரிப்பு என்றால் பொக்லைன் வைத்துத் தூர்வாருவதும் விரிசலை அடைப்பதும். வளைந்த ஆற்றுக்கு அது போதாது. நீரோட்டத்தை மறிக்கும் மரக்கன்று எது, கரையைப் பிடித்திருக்கும் வேர் எது, தானாக வந்த களை எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். மண்டிவிட்டால் கொள்ளளவு போய்விடும், மழித்துவிட்டால் கரை போய்விடும். ஆகவே திட்ட அறிக்கை கைக்கு வந்தால் நான் வண்ணப் படங்களைத் தாண்டிப் பராமரிப்புப் பக்கத்துக்குத்தான் முதலில் போவேன். அங்கே முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும் ஆளும் பணமும் எழுதியிருந்தால், இவ்வளவு சொன்ன பிறகும், என் ஓட்டு கான்கிரீட்டுக்கே.