மலை வாழ்க்கையை எந்த அளவுகோலால் அளப்பது?

ஊட்டிக்காரர் நன்றாக வாழ்கிறாரா, அதே நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர்க்காரரா? அளந்து பார்க்க இரண்டு குறியீடுகள் உண்டு. 1990இல் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னெடுத்த மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் ஒரே எண்ணாக்கிவிடும். சட்டென்று ஒப்பிடலாம், சரி. ஆனால் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் வருமானம் கூடினால் எண் ஏறிவிடும்.

சமூக முன்னேற்றக் குறியீடு வருமானத்தைத் தொடுவதே இல்லை. குடிநீர், கழிப்பறை, பாதுகாப்பு, உரிமைகள் என்று மக்களுக்கு வந்து சேர்ந்ததைப் பார்க்கும். 2022இல் வெளியான இந்தியப் பதிப்பில் மாநிலங்களுக்கு 89, மாவட்டங்களுக்கு 49 சுட்டிகள் (தனித்தனி அளவீடுகள்). நீலகிரிக்கு இதுவே தேவலை என்பேன். பந்தலூரில் ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலைப் பேருந்துக்கு நிற்கும் தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளத்தைவிட ஊட்டி அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதுதான் பெரிய கேள்வி. (கொண்டைஊசி வளைவுகளை எண்ணும் சுட்டி இரண்டிலுமே கிடையாது!)

கொடைக்கானல் பாடு இன்னும் சிக்கல். அது திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு வட்டம்தான். எந்தக் குறியீடானாலும் மாவட்டச் சராசரி போட்டால், மலைமேல் மன்னவனூர்ப் பூண்டு விவசாயியும் சமவெளியில் நிலக்கோட்டைப் பூ விவசாயியும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகிறார்கள்.