78,000 ரூபாய் மானியத்தை நம்பி சோலார் போடுகிறீர்களா? இதைப் படித்துவிடுங்கள்

என் வீட்டு மொட்டை மாடி சோலாருக்கு வர வேண்டிய 78,000 ரூபாய் மானியம் இனி வரப்போவதில்லை என்பது நேற்று மாலைதான் உறுதியாயிற்று. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சோலார் போட எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கோவைப் புறநகரில் எங்கள் வீடு. மின்சாரக் கார் வாங்கி வீட்டிலேயே சார்ஜ் போடத் தொடங்கியதும், இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டி, கட்டணம் நாலாயிரத்தைத் தொட்டது. 3 கிலோவாட் பேனல்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும், பகலில் வாரியத்துக்குப் போகும் மின்சாரத்தை இரவில் கார் இழுக்கும் மின்சாரத்தோடு நெட் மீட்டர் நேர்செய்துவிடும் என்பதெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டவைதாம். கணக்கில் நான் ஏமாறவில்லை. ஆளைக் கணிப்பதில் ஏமாந்தேன்.

வந்தவர் சோலார் அமைத்துத் தரும் ஓர் உள்ளூர் நிறுவனத்தின் ஆள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலை நான்கு மணிக்கு எதுவரை வரும் என்று மாடித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டில்தான் நான் விழுந்தேன். மொத்தம் 2,10,000 ரூபாய், அதில் மானியம் 78,000 போக 1,32,000, ஆண்டுக்கு 24,000 மிச்சம் பிடித்தால் ஐந்தரை ஆண்டில் முதல் திரும்பிவிடும் என்று கொட்டேஷனின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். "விண்ணப்பத்த நானே போட்டுடறனுங்க சார், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். முழுப் பணத்தையும் அன்றே அனுப்பினேன்.

நெட் மீட்டர் வந்தது, மானியம் வரவில்லை. முதல் மாதம் சர்வர் கோளாறு என்றார்கள். அடுத்த மாதம் வங்கி விவரம் பொருந்தவில்லை என்றார்கள். பிறகு அலுவலகப் பெண், "அவரு இப்ப எங்ககிட்ட இல்லீங்க" என்று போனை வைத்துவிட்டார். நேற்று என் மைத்துனர் மாடியேறி, பேனல்களின் வரிசை எண்களைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே தயாரானவையாக, அதாவது டிசிஆர் பேனலாக இருந்தால்தான் மத்திய அரசின் மானியம் கிடைக்கும். எனக்கு மாட்டியவை அதைவிட விலை குறைந்த வேறு ரகம். விண்ணப்பத்தையும் மானியம் வேண்டாம் என்றே பதிந்திருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டதற்கு, "மானியம் குடுக்கறது கவர்மெண்டுங்க, நாங்க என்ன பண்றது?" என்ற பதில்தான் கிடைத்தது. ஐந்தரை ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டாகிவிட்டது. 78,000 ரூபாய்!

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன், இப்போது பொறுமையில்லை. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். 'டிசிஆர்' என்ற சொல் கொட்டேஷனிலும் பில்லிலும் எழுத்தில் இருக்கட்டும். பேனலை மேலே ஏற்றும் முன்பே வரிசை எண்களைப் படமெடுத்துச் சரிபாருங்கள். மானியம் கணக்கில் ஏறும்வரை ஒரு பங்குப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இன்றிரவே மனு எழுத வேண்டும். அந்தக் கொட்டேஷனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.